முதலாளியே வேண்டாம்னு வெளியே வந்த ஊழியர்கள்: ஒரே சீசன்ல முடிஞ்ச 1890 பிளேயர்ஸ் லீக் கதை

சம்பளம் 2,000 டாலர். போட்டோவைப் பயன்படுத்திக்கிறதுக்கு 3,000 டாலர்.

1887-ல் அமெரிக்காவுல பாஸ்டன் பேஸ்பால் கிளப், மைக் கெல்லி என்கிற வீரருக்கு சம்பளத்தை இப்படித்தான் பிரிச்சுக் கொடுத்தது. ஏன் இந்த வேலை? எந்த வீரருக்கும் வருஷத்துக்கு 2,000 டாலருக்கு மேல் சம்பளம் தரக்கூடாதுன்னு கிளப் ஓனர்கள் 1885-ல் தங்களுக்குள்ள ஒரு உச்சவரம்பு போட்டிருந்தாங்க. ஆனா 'கிங்' கெல்லின்னு ஊரே கொண்டாடின ஆளை 2,000-க்குப் பிடிச்சு வைக்க முடியுமா? அதனால ரூல் ரூலாவே இருக்கட்டும், மீதியைப் படத்துக்கான காசுன்னு காட்டிடலாம்னு முடிவு பண்ணாங்க. சிடிசி-யில பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்துறதுக்கு நம்ம ஹெச்.ஆர். ஆட்களுக்கு முன்னாடியே ஒரு தாத்தா இருந்திருக்கார்.

இதுல இன்னொரு நம்பரும் இருக்கு. அதே 1887-ல் கெல்லியை பாஸ்டனுக்கு வித்தது சிகாகோ கிளப். விலை 10,000 டாலர். அதாவது ஆளோட விலை, ஆளோட சம்பளத்தை விட ரெண்டு மடங்கு. அந்த விலை போய்ச் சேர்ந்தது கிளப்புக்கு.

நம்ம சேனல்ல ஆஃபர் லெட்டர், நோட்டீஸ் பீரியட், பாண்ட், இசாப் பத்தியெல்லாம் நிறைய பேசியிருக்கோம். இது எல்லாத்தையும் ஒரே கதையில பார்க்கணும்னா, 1890-ல் ஒரே ஒரு சீசன் நடந்து முடிஞ்சுபோன பிளேயர்ஸ் லீக் கதையைத்தான் சொல்வேன். பேஸ்பால் தெரியலைனாலும் பரவாயில்லை. ஆட்டம் இங்க ரெண்டாம்பட்சம்.

ரிசர்வ்னா என்ன?

1876-ல் ஆரம்பிச்சது நேஷனல் லீக். அதோட ஓனர்கள் 1879-ல் ரகசியமா ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. ஒவ்வொரு கிளப்பும் அஞ்சு வீரர்களைக் குறிச்சுக் கொடுக்கும். அந்த அஞ்சு பேரை மத்த கிளப் யாரும் கூப்பிடக்கூடாது. இதுக்குப் பேர்தான் ரிசர்வ். ஆரம்பத்துல வீரர்களே இதைப் பெருமையா நினைச்சாங்க. அடுத்த வருஷமும் வேலை உறுதின்னுதானே அர்த்தம்! 1883-ல் அஞ்சு பதினொண்ணு ஆச்சு. 1887-ல் பதினாலு. ஒரு டீம்ல இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவு பேர்தான். பெருமையா இருந்தது இப்போ பூட்டு ஆயிடுச்சு.

ஐபிஎல் ரிட்டென்ஷன் மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஆனா உங்க பேர் ஏலத்துக்கு வரவே வராது, வாழ்நாள் முழுக்க. கான்ட்ராக்ட் ஒரு வருஷம்தான். அது முடிஞ்சாலும் அதே கிளப்போடதான் அடுத்த கான்ட்ராக்ட் போட முடியும். அவங்க சொல்ற சம்பளம் பிடிக்கலைன்னா? பேஸ்பாலை விட்டுட்டு வேற பொழப்பு பார்க்கலாம்.

அதே சமயம் கிளப்புக்கு உங்களைப் பிடிக்கலைன்னா பத்து நாள் நோட்டீஸ். கதை முடிஞ்சது. இந்தப் பத்து நாளை ஞாபகம் வச்சுக்கோங்க, கோர்ட்டுல வரும்.

ஓனர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது, அதைச் சொல்லாம போறது சரியில்லை. அந்தக் காலத்துல ஒரு ஃபேக்டரி தொழிலாளி வருஷம் முழுக்க உழைச்சாலும் 500 டாலர் பார்க்கிறது கஷ்டம். ஆறேழு மாசம் பந்து விளையாடிட்டு 2,000 வாங்கறவனுக்கு என்ன குறைன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமாத் தெரியும். ஆனா கெல்லியோட விலைக்கும் சம்பளத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளிதான் அதுக்குப் பதில். உங்க சம்பளம் அதிகமா கம்மியாங்கிறதை பக்கத்து வீட்டுக்காரரோட சம்பளத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. மார்க்கெட் உங்களுக்கு என்ன தரத் தயாரா இருக்குங்கிறதும் ஒரு கணக்கு.

வக்கீல் படிச்ச ஷார்ட்ஸ்டாப்

இந்தக் கணக்கைச் சத்தமா போட்டவர் ஜான் மான்ட்கோமரி வார்டு. பென்சில்வேனியாக்காரர். இருபது வயசுலயே எதிரணியில ஒருத்தரைக்கூட பேஸ் ஏற விடாத பெர்ஃபெக்ட் கேம் வீசின பந்துவீச்சாளர். பிறகு கை போச்சு. அத்தோட ஒதுங்காம ஷார்ட்ஸ்டாப்பா மாறினார். நியூயார்க் ஜயண்ட்ஸ் டீமுக்கு ஆடிக்கிட்டே கொலம்பியாவுல சட்டம் படிச்சு 1885-ல் பட்டம் வாங்கினார். வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற நம்ம ஆட்களுக்கு இவரைப் பிடிக்கும்.

அதே 1885-ல் நியூயார்க் வீரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து பிரதர்ஹுட்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. வார்டுதான் தலைவர். 1887-ல் ஒரு பத்திரிகையில, வீரன் என்ன உடைமைப் பொருளான்னு கேட்கிற மாதிரி தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினார். ரிசர்வ் விதியை, தப்பி ஓடின அடிமையைப் பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கிற பழைய சட்டத்தோட ஒப்பிட்டார். அடிமை முறை ஒழிஞ்சு இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. படிச்சவங்களுக்கு எப்படி உறைச்சிருக்கும்னு பார்த்துக்கோங்க.

1888 கடைசியில, சிகாகோ கிளப் ஓனர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் ரெண்டு டீமைக் கூட்டிக்கிட்டு உலகச் சுற்றுலா கிளம்பினார். அவர் விளையாட்டுச் சாமான் கம்பெனியும் நடத்தினவர். ஆட்டம் பரவினா பந்தும் மட்டையும் விக்கும் இல்லையா? ஆஸ்திரேலியா, அப்புறம் நம்ம பக்கத்துல கொழும்பு, எகிப்து, இத்தாலின்னு போனாங்க. வார்டும் அந்தக் கப்பல்ல இருந்தார்.

அவர் கடல்ல இருந்த நேரமா பார்த்து, இங்க ஓனர்கள் புதுசா ஒரு திட்டத்தைப் பாஸ் பண்ணாங்க. இண்டியானாபொலிஸ் கிளப் ஓனர் ஜான் பிரஷ் கொண்டு வந்தது. வீரர்களை ஏ-யிலிருந்து இ வரை அஞ்சு கிரேடா பிரிக்கணும். ஏ கிரேடுக்கு 2,500 டாலர். அங்கிருந்து 250, 250-ஆ இறங்கி இ கிரேடுக்கு 1,500. கிரேடு போடறது ஆட்டத்தை மட்டும் பார்த்து இல்லை. மைதானத்துக்கு வெளியே எப்படி நடந்துக்கிறீங்க, எவ்வளவு சிரத்தையா இருக்கீங்கன்னும் பார்ப்பாங்க. யார் பார்ப்பா? லீக் தலைமை. அப்பீல்? கிடையாது.

முதல் கம்பெனியில எனக்கு வந்த முதல் அப்ரைசல் லெட்டர் ஞாபகம் வந்தது. 'ஆட்டிட்யூட்'னு ஒரு வரி இருந்தது, அதுக்கு அஞ்சுக்கு மூணு. யாரைக் கேட்டும் காரணம் தெரியலை.

சொந்தமா ஒரு லீக்

வார்டு திரும்பி வந்து பேச்சுவார்த்தைக்குக் கேட்டார். சீசன் முடியட்டும், அவசரம் ஒண்ணும் இல்லைன்னு பதில். சில வீரர்கள் ஜூலை 4 அன்னிக்கு ஸ்டிரைக் பண்ணலாம்னு துடிச்சாங்க. வார்டு தடுத்தார். கான்ட்ராக்டை மீறினா நம்ம மேலதான் தப்பு வரும். சீசனை ஒழுங்கா முடிச்சுட்டு, மொத்தமா வெளியே போயிடுவோம்னு அவர் கணக்கு.

1889 நவம்பர்ல அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷத்துலேருந்து பாஸ்டன், புரூக்ளின், நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், கிளீவ்லாண்ட், பஃபலோ என்று எட்டு ஊர்ல பிளேயர்ஸ் லீக். கிளீவ்லாண்ட்ல டிராம் கம்பெனி நடத்தின ஆல்பர்ட் ஜான்சன் மாதிரி ஆட்கள் முதல் போட்டாங்க. மைதானம் ஊருக்கு வெளியே இருந்தா கூட்டம் டிராம்லதான் போகணும், அதுலயும் காசு. முதலீட்டாளர் எதுக்கு வர்றார்ங்கிறது எப்பவும் பார்க்க வேண்டிய விஷயம்.

அவங்க போட்ட விதிகளை இன்னிக்கு ஒரு ஸ்டார்ட்டப் போட்டாலே நியூஸ் ஆகும். ரிசர்வ் கிடையாது. கிரேடு கிடையாது. மூணு வருஷ கான்ட்ராக்ட். சீசன் நடுவுல ஆளைத் தூக்க முடியாது. டிக்கெட் வசூலை ரெண்டு டீமும் சரிபாதியா எடுத்துக்கணும். ஜெயிக்கிற டீம்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க 20,000 டாலர் பரிசு நிதி. லாபத்துல முதலீட்டாளருக்கு முதல் பங்கு, அடுத்த பங்கு வீரர்களுக்கு. லீக்கை நடத்துறது பதினாறு பேர் கொண்ட செனட். ஒவ்வொரு டீம்லேருந்தும் வீரர்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தர், பணம் போட்டவங்க தேர்ந்தெடுத்த ஒருத்தர். சில வீரர்கள் தங்க சேமிப்பையும் கிளப் பங்குகள்ல போட்டாங்க.

நேஷனல் லீக் கோர்ட்டுக்குப் போச்சு. வார்டு எங்களுக்கு ரிசர்வ் ஆன ஆள், வேற இடத்துல ஆடக்கூடாதுன்னு தடை கேட்டாங்க. 1890 ஜனவரியில நியூயார்க் நீதிபதி மோர்கன் ஓபிரையன் தடை தர மறுத்துட்டார். இங்கதான் அந்தப் பத்து நாள். ஒரு பக்கம் வீரரை வருஷக்கணக்கா கட்டி வைக்கிற ஒப்பந்தம், இன்னொரு பக்கம் பத்து நாள் நோட்டீஸ்ல அவரை அனுப்பிடலாம். ரெண்டு கையும் சமமா இல்லாத ஒப்பந்தத்தை நிறைவேத்திக் கொடுக்க கோர்ட் வராதுங்கிறதுதான் சாரம். மத்த வழக்குகள்லயும் நேஷனல் லீக் பக்கம் இதே கதைதான். (உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, கம்பெனி தர வேண்டிய நோட்டீஸும் நீங்க தர வேண்டிய நோட்டீஸும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் பார்த்தேன்.)

பெரிய பேர் எல்லாம் புது லீக்குக்கு வந்துட்டாங்க. கெல்லி பாஸ்டன் டீமுக்கே கேப்டன்.

42 பேர் 2,418 ஆன கதை

கோர்ட்டுல தோத்த ஸ்பால்டிங், பணத்தால அடிக்கத் தொடங்கினார். பிளேயர்ஸ் லீக் அட்டவணை வெளியே வந்ததும், நேஷனல் லீக் தன் அட்டவணையை மாத்தி, ஒரே ஊர்ல ஒரே நாள்ல மேட்ச் வர்ற மாதிரி போட்டது. நியூயார்க்ல ரெண்டு மைதானமும் பக்கத்துப் பக்கத்துல. மே மாசம் ஒருநாள் நேஷனல் லீக் ஆட்டத்துல மைக் டியர்னன் அடிச்ச பந்து வேலியைத் தாண்டிப் பறக்க, ரெண்டு மைதானத்துக் கூட்டமும் சேர்ந்து கைதட்டினதா சொல்வாங்க. ஆட்டம் பார்க்க வந்தவனுக்கு இந்தச் சண்டை எவ்வளவு தூரம்னு புரியும்.

கூட்டக் கணக்குல ரெண்டு தரப்பும் கூசாம பொய் சொன்னாங்க. ஸ்பால்டிங்கே 1911-ல் எழுதின புத்தகத்துல இதை ஒத்துக்கிறார். சிகாகோவுல ஒருநாள் நிருபர் ஒருத்தர் கிளப் செயலாளர்கிட்ட கூட்டம் எவ்வளவுன்னு கேட்க, அவர் 'இருபத்து நாலு, பதினெட்டு'ன்னாராம். நிருபர் 2,418-னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். ஸ்பால்டிங் என்னன்னு விசாரிச்சா, மைதானத்துக்கு ஒரு பக்கம் 24 பேர், இன்னொரு பக்கம் 18 பேர். அவர் எப்படி எழுதிக்கிட்டார்ங்கிறது அவர் மனசாட்சி பாடுன்னு செயலாளர் கையை விரிச்சாராம்.

ஜிஎம்வி, டவுன்லோட், 'ரெஜிஸ்டர்டு யூசர்ஸ்'னு ஐபிஓ சமயத்துல கம்பெனிகள் காட்டுற நம்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 42 பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க.

அறிவிச்ச கணக்குப்படி பிளேயர்ஸ் லீக்குக்கு சுமார் 9.8 லட்சம் பேர், நேஷனல் லீக்குக்கு சுமார் 8.1 லட்சம் பேர். நிஜம் எவ்வளவோ, யார் முந்தினாங்கங்கிறதுல பெரிய சந்தேகம் இல்லை. ஆனா அமெரிக்கன் அசோசியேஷனையும் சேர்த்து மூணு பெரிய லீக் ஒரே வருஷத்துல ஓட அந்த நாட்டுல அப்போ அவ்வளவு கூட்டம் இல்லை. எல்லாருக்கும் நஷ்டம். ஜூலையில நியூயார்க் நேஷனல் லீக் கிளப் ஓனர் ஜான் டே, திவால் நிலைக்கு வந்துட்டார். பணம் வரலைன்னா கிளப்பை எதிர் லீக்குக்கே வித்துடுவேன்னு நிலைமை. ஸ்பால்டிங், பிரஷ் உட்பட மத்த ஓனர்கள் ரகசியமா கைக்காசு போட்டு அவரைக் காப்பாத்தினாங்க. வெளியே ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியலை. தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே வேற மாதிரி முடிஞ்சிருக்கலாம்.

கெல்லியை இழுக்கவும் ஸ்பால்டிங் முயற்சி பண்ணினார். இதுவும் அவர் சொன்ன கதைதான். 10,000 டாலருக்கு ஒரு செக். கூடவே மூணு வருஷ கான்ட்ராக்ட். சம்பள இடம் காலி, நீயே நிரப்பிக்கோ. கெல்லி கொஞ்ச நேரம் நடந்துட்டு வர்றேன்னு போனார். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்து, முடியாதுன்னார். காசு தேவைதான், ஆனா பசங்களை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டார். கிளம்பறப்போ ஸ்பால்டிங்கிட்டயே 500 டாலர் கைமாத்தா கேட்டார். ஸ்பால்டிங் கொடுத்தார்.

அந்த சீசனை ஜெயிச்சது கெல்லியோட பாஸ்டன். வார்டோட புரூக்ளின் ரெண்டாவது.

அறைக்குள்ள யார் இருந்தா?

1890 அக்டோபர்ல, பிளேயர்ஸ் லீக்குக்குப் பணம் போட்டவங்க பேச வந்தாங்க. ஜான்சன், நியூயார்க் கிளப்புக்குப் பணம் போட்ட டால்காட், புரூக்ளின் குட்வின். இவங்க நஷ்டத்தை இவங்களுக்குத் தெரியும். ஸ்பால்டிங்கோட நஷ்டம் தெரியாது. ஸ்பால்டிங் முகத்துல ஒரு சலனமும் காட்டாம, எதிராளியோட கணக்கையெல்லாம் வாய்விட்டுப் பேச வச்சுட்டு, நிபந்தனையில்லாத சரணடைவைக் கேட்டார். சீட்டாட்டத்துல வெறுங்கையை வச்சுக்கிட்டு பந்தயத்தை ஏத்துறதுன்னு சொல்வாங்களே, அதேதான். அவரே ஆச்சரியப்படுற மாதிரி எதிர்ப் பக்கம் மடங்கிருச்சு.

வார்டும் இன்னும் ரெண்டு வீரர்களும் பேச்சுவார்த்தையில எங்களையும் சேர்த்துக்கோங்கன்னு வந்தாங்க. சம்பளத்துக்கு ஆடறவங்களோட பேச முடியாதுன்னு நேஷனல் லீக் பக்கம் மறுத்துட்டாங்க. தனித்தனியா டீல் முடிஞ்சது. நியூயார்க்லயும் புரூக்ளின்லயும் பிட்ஸ்பர்க்லயும் ரெண்டு ரெண்டு கிளப் ஒண்ணாச்சு. சிகாகோ கிளப்பை ஸ்பால்டிங்கே வாங்கிட்டார். 1891 ஜனவரியில பிளேயர்ஸ் லீக் இல்லை.

இங்க கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க. செனட்ல வீரர்களுக்குப் பாதி இடம் இருந்தது. அட்டவணை, நடுவர், விதி எல்லாத்துலயும் ஓட்டு இருந்தது. ஆனா பங்கை யார்கிட்ட விக்கலாம், எப்போ விக்கலாம்ங்கிறதுல பிடி இல்லை. நியூயார்க்ல பணம் போட்டவங்க தங்க நஷ்டத்தை நேஷனல் லீக் கிளப்பின் பங்கா மாத்திக்கிட்டாங்க. சேமிப்பைப் போட்ட வீரர்களுக்கு அந்த மாதிரி மாத்திக்கிற வசதி யாரும் தரலை. இசாப் லெட்டர்ல எத்தனை யூனிட்டுங்கிறதைத்தான் நாம எல்லாரும் முதல்ல பார்க்கிறோம். கம்பெனியை வித்தா சிறு பங்குதாரருக்கு என்ன ஆகும்ங்கிற பக்கம் பின்னாடி எங்கயோ இருக்கும். டேக்-அலாங், டிராக்-அலாங்னு பேர். பிளேயர்ஸ் லீக் வீரர்கள் தொலைச்சது அந்தப் பக்கத்தைத்தான். அந்த வார்த்தைகள் அவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, நமக்கு இருக்கு.

அப்புறம் நடந்தது வேகமா நடந்தது. 1891-க்கு அப்புறம் அமெரிக்கன் அசோசியேஷனும் மூடிருச்சு. அதோட நாலு கிளப்பைச் சேர்த்துக்கிட்டு 1892-ல் பன்னிரண்டு டீம் கொண்ட ஒரே பெரிய லீக் ஆச்சு நேஷனல் லீக். போக வேற இடம் இல்லைன்னு தெரிஞ்சதும், அந்த வருஷம் சீசன் நடுவுலயே சம்பளத்தைக் குறைச்சாங்க. 1901-ல் அமெரிக்கன் லீக் போட்டிக்கு வர்ற வரைக்கும் இதே நிலைமை.

கெல்லி 1894 நவம்பர்ல நிமோனியாவுல இறந்தார். வயசு 36. சம்பாதிச்சதெல்லாம் துணிமணி, குதிரைப் பந்தயம், குடி, கேட்டவங்களுக்கெல்லாம் கைமாத்துன்னு போயிருந்தது. கையில ஒண்ணும் இல்லை. வார்டு நேர் எதிர். 1891-ல் புரூக்ளின் நேஷனல் லீக் டீமுக்கே திரும்பி ஆடப் போனார். 1894-ல் ஆட்டத்தை விட்டுட்டு வக்கீல் தொழிலுக்குப் போனார். பழைய ஓனர்களுக்கு எதிரா வீரர்களோட வழக்குகளை எடுத்தார்.

ரிசர்வ் விதி அவர் ஆயுசுலயும் போகலை. 1975 டிசம்பர் 23 அன்னிக்கு, ஆண்டி மெஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்கிற ரெண்டு பந்துவீச்சாளர்கள் கொண்டுவந்த பிரச்சினையில, நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒரு வருஷ ரிசர்வ்னா ஒரு வருஷம்தான்னு தீர்ப்பு சொன்னார். அந்த வருஷம் ஒரு மேஜர் லீக் வீரரோட சராசரி சம்பளம் சுமார் 45,000 டாலர். 1980-ல் சுமார் 1,44,000. ஆட்டம் அதே ஆட்டம்தான்.

1914-ல் ஃபெடரல் லீக்னு இன்னொரு போட்டி லீக் கிளம்பினப்போ, அதோட புரூக்ளின் கிளப்புக்கு பிசினஸ் மேனேஜரா வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஐம்பத்து நாலு வயசு வார்டு. அதுவும் ரெண்டு சீசன்தான் தாங்குச்சு. அந்தக் கதையில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு வழக்கு இருக்கு. அது தனி வீடியோவா வரும்.